மஞ்சள் மண்டிக்காரன் கட்டின ஜெர்மன் வண்டி

ஏப்ரல் 6, ஞாயிறு

"கத்தணும்னு தோணுனா ஒரு நோட்டுல எழுதுங்க, பிரஷர் தானா இறங்கும்"னு டாக்டரம்மா சொல்லி மூணு மாசமாச்சு. ஈரோடு மஞ்சள் மண்டியில முப்பது வருஷமா ஏலம் கூவுற நாச்சிமுத்துவுக்கு நோட்டு எதுக்குன்னு விட்டுட்டேன். இன்னைக்கு எழுதியே ஆகணும். இல்லைன்னா என் வாயில நானே நாலு போட்டுக்குவேன்.

காலையில நானும் சாவித்திரியும் நிவேதாவைக் கூட்டிக்கிட்டு கோயமுத்தூர் போனோம். நிவேதா எங்க ஒரே பொண்ணு. அவ கூட வேலை பாக்கற கௌதமைத்தான் கட்டிக்குவேன்னா. பையன் தங்கமான பையன், எங்களுக்குச் சம்மதம். அவங்கப்பா சதாசிவம் சார்தான் இழுக்கறாரு. காலேஜ்ல பௌதிகம் நடத்தி ரிட்டயர் ஆனவரு, சம்சாரம் தவறி ஆறு வருஷமாச்சு. சரின்னும் சொல்லமாட்டேங்கறாரு, வேண்டாம்னும் சொல்லமாட்டேங்கறாரு. அதான் நேர்ல பாத்துப் பேசலாம்னு போனது.

"வாங்க", "உக்காருங்க", "காப்பி சாப்பிடுங்க". அவ்வளவுதான் மனுசன் பேசினது. காப்பி ஆறி ஆடை கட்டுது, ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு அமைதின்னா மூச்சு முட்டும். சுத்திப் பாத்தேன். செவுரு நீளத்துக்கு ஒரு கண்ணாடி பீரோ, அதுக்குள்ள அட்டைப்பெட்டியா அடுக்கி இருக்குது. ஒவ்வொண்ணு மேலயும் பீரங்கி, டாங்கி படம். பிளாஸ்டிக் துண்டு துண்டா இருக்கும், நாமளே ஒட்டிக் குட்டி வண்டி செய்யறது. "அப்பாவுக்கு இதுதாங்க மாமா உசுரு"ன்னு கௌதம் சொன்னான். உடனே என் வாய் சொல்லுது: "அட, எனக்கும் இதான் பழக்கமுங்க சார்! சின்ன வயசுல இருந்தே செய்யறேனே!"

சாவித்திரி என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை.

மனுசன் எந்திரிச்சுட்டாரு. மூஞ்சியில வெளிச்சம். பீரோவைத் திறந்து, இது இன்ன வண்டி, அது இன்ன வருசம்னு பத்து நிமிசம் நிறுத்தாம பேசினாரு. கடைசியில அடித்தட்டுல இருந்து ஒரு பழைய பெட்டியை ரெண்டு கையிலயும் ஏந்தி எங்கிட்டக் குடுத்தாரு. "முப்பத்தோரு வருசமா வெச்சிருக்கேன் சார். நீங்க செஞ்சு முடிங்க. மே பதினொண்ணு ஞாயித்துக்கிழமை நான் ஈரோடு வர்றேன். இதைப் பாத்துட்டு மத்ததைப் பேசலாம்"னாரு.

மத்ததுன்னா என் பொண்ணு கல்யாணம்.

திரும்பி வர்றப்ப பாதி வழி, செங்கப்பள்ளி வரைக்கும் சாவித்திரி பேசல. அப்புறம் சொன்னா: "ஏனுங்க, சின்ன வயசுல இருந்து நீங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். இப்படி வாய் விடறது."

ஏப்ரல் 7, திங்கள்

பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் சட்டம் ஆறு, ஒவ்வொண்ணுலயும் கொத்துக் கொத்தா உறுப்புங்க. எண்ணப் பாத்தேன், நூத்திஎம்பதுக்கு மேல விட்டுட்டேன். செய்முறைத் தாள்ல எழுத்தெல்லாம் ஜெர்மன். பாதியைப் பூச்சி தின்னிருக்குது, மீதி பாதி எனக்குப் புரியல.

வண்டியே ஒரு விசித்திரம். முன்னாடி லாரி மாதிரி ரெண்டு சக்கரம், பின்னாடி டாங்கி மாதிரி சங்கிலி. மேல கூரை கிடையாது, சிப்பாயிங்க உள்ள பெஞ்சுல உக்காந்து போவாங்களாம்.

சாவித்திரி எட்டிப் பாத்தா. "என்னதுங்க இது?"

"ஜெர்மன்காரன் சண்டைக்குப் போன வண்டி."

"கல்யாணம் பேசற வீட்டுல சண்டை வண்டியா? நல்லா இருக்குது போங்க."

ஏப்ரல் 10, வியாழன்

விரல்ல வெட்டு ரெண்டு. வண்டிக்குச் சக்கரம் ஒண்ணு.

ஏப்ரல் 13, ஞாயிறு

வேலை பாக்கற ஊர்ல இருந்து நிவேதா நேத்தே பஸ் ஏறி வந்துட்டா. சாப்பாட்டு மேஜை மேல பேப்பர் விரிச்சு நான் உக்காந்திருக்கற கோலத்தைப் பாத்து சிரிச்சா சிரிச்சா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. கத்தியைப் புடுங்கிக்கிட்டு நகவெட்டியைக் கையில குடுத்தா. "இதுல நறுக்குங்கப்பா, அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேச்சு விடுங்க." அது நல்ல யோசனைதான். எனக்கும் தோணியிருக்கும்.

அப்புறம் மெதுவா ஆரம்பிச்சா. "அப்பா, உண்மையைச் சொல்லிடலாம்பா. கௌதம் எட்டாவது படிக்கறப்ப மார்க் சீட்டுல அவனே கையெழுத்துப் போட்டுட்டானாம். அவங்கப்பா ரெண்டு மாசம் அவங்கிட்டப் பேசலையாம். பொய்யின்னா அவருக்கு ஆகவே ஆகாதாம்."

நான் சக்கரத்தை வேகமாத் தேய்க்க ஆரம்பிச்சேன். "நான் சொன்னது பொய்யில்ல கண்ணு. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டேன். பதினொண்ணாம் தேதிக்குள்ள அது உண்மையாயிடும்"னேன்.

"இந்த வாயை வெச்சுத்தான் மண்டியை ஓட்டறீங்க"ன்னுட்டு ஒரு சக்கரத்தை எடுத்து அவளும் தேய்க்க ஆரம்பிச்சா. மத்தியானம் வரைக்கும் தேச்சோம். பதினாலு சக்கரம் முடிஞ்சுது.

ஏப்ரல் 16, புதன்

மண்டியில இன்னைக்கு ஏலம் நடக்கறப்ப நான் கையில ஒரு குவியல் மஞ்சளை வெச்சுக்கிட்டு சும்மா நின்னுட்டேனாம். பின் அச்சு எந்தப் பக்கம் வருதுன்னு யோசனை. கணக்குப் பிள்ளை பக்கத்துல வந்து, "அண்ணனுக்கு ஒடம்பு சுகமில்லீங்களா?"ங்கறான். சுகத்துக்கு என்ன குறைச்சல்? சாயங்காலம் எப்ப வரும்னு இருக்குது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, சனி

என்னை மாதிரி ஒரு கூமுட்டையை இந்த ஜில்லாவுல பாக்க முடியாது.

காலையில ஒடம்பு மேல்பாதியையும் கீழ்பாதியையும் பசை வெச்சு ஒட்டினேன். சுத்தித் துணி கிளிப்பு மாட்டினேன். கச்சிதமா உக்காந்துச்சு. காப்பி குடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா டிரைவர் சீட்டும் ஸ்டியரிங்கும் மேஜை மேலயே கிடக்குது. உள்ள வெச்சுட்டு மூட வேண்டியது! முன்பக்கம் மட்டும் மேல மூடி இருக்குது, என் விரல் அதுக்குள்ள போகுமா? என் விரல் ஒவ்வொண்ணும் வாழைக்காய்.

நிவேதாவுக்கு போன் போட்டேன். "இந்த வாரம் வர்றியா கண்ணு?"ன்னேன். வண்டிக்கு ஒரு சின்னக் கை வேணும், அதுக்காகத்தான் கேட்டது. வேற ஒண்ணுமில்ல. சாயங்காலமே வந்துட்டா. புருவம் புடுங்கற இடுக்கியை எடுத்து, பின்பக்கமா கையை விட்டு, நாக்கை ஓரமா நீட்டிக்கிட்டு அரை மணி நேரம். சீட்டு உக்காந்துச்சு. ஸ்டியரிங்கும் உக்காந்துச்சு. மூணாவது படிக்கறப்பவும் கோலம் போட உக்காந்தா இப்படித்தான் நாக்கை நீட்டுவா. சாவித்திரி மூணு பேருக்கும் பணியாரம் ஊத்தினா.

ஏப்ரல் 25, வெள்ளி

பின்னாடி மாட்டற சங்கிலி கறுப்பு ரப்பர்ல இருக்குது. முப்பத்தோரு வருசத்துல மொறுமொறுன்னு ஆயிருக்கும் போல. வளைச்சேன், டப்புன்னு ரெண்டா போச்சு. "அய்யோ"ன்னு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாய் குலைச்சுது.

சாவித்திரி வந்தா, ரெண்டு துண்டையும் வாங்கிப் பாத்தா. தையல் டப்பாவை எடுத்தா. கறுப்பு நூல் கோத்து, கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஆறே தையல். தச்ச இடம் சக்கரத்துக்குக் கீழ போற மாதிரி மாட்டிட்டோம். ராணுவமே வந்து தேடுனாலும் கிடைக்காது.

"சண்டை வண்டின்னு சொன்னியே?"ன்னு கேட்டேன்.

"நான் வண்டிக்கா தச்சேன்? என் புள்ளைக்குத் தச்சேன்"ன்னா. ஆனா போறப்ப ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டுத்தான் போனா.

ஏப்ரல் 27, ஞாயிறு

வண்டியில ஒட்டற நம்பரும் கறுப்பு சிலுவை அடையாளமும் தண்ணியில ஊறவெச்சு ஒட்டற ஸ்டிக்கரு. வெள்ளையா இருக்க வேண்டியது பழுத்துப் போய்க் கிடக்குது. நிவேதா போன்ல தேடிப் பாத்தா. ஜன்னல் கண்ணாடியில வெயில் பட ஒட்டி வெச்சா வெளுத்துருமாம். வெளிநாட்டுக்காரங்க ரெண்டு வாரம் காத்திருக்கணும்னு எழுதியிருக்காங்களாம். ஈரோட்டு சித்திரை வெயிலைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?

ஏப்ரல் 30, புதன்

மூணே நாள். பால் மாதிரி வெளுத்துருச்சு.

டாக்டரம்மாகிட்டப் போனேன். பிரஷர் இறங்கியிருக்குதாம். "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. "ஜெர்மன் வண்டி கட்டறேன்"னேன். மருந்துச் சீட்டுல இருந்து தலையைத் தூக்கிப் பாத்தாங்க.

வேலை வேகமாப் போகுது. இவ்வளவு வேகமாப் போகுதேன்னு இருக்குது. ஏன்னு தெரியல.

மே 3, சனி

பெயிண்டு. கடைக்காரன் மஞ்சள்னு குடுத்தது ஸ்கூல் பஸ் மஞ்சள். பெட்டி மேல படத்துல இருக்கறது அது இல்ல. புழுதி படிஞ்ச, கொஞ்சம் கறுத்த மஞ்சள். "இன்னொரு டப்பா வாங்கலாம்பா"ன்னு நிவேதா சொன்னா. எனக்கு ரோசம் வந்துருச்சு. மஞ்சளைப் பத்தி எனக்கா? விரலியா, கிழங்கா, எந்தத் தோட்டத்துது, எத்தனை நாள் காஞ்சதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற எனக்கா?

மண்டியில இருந்து நல்லா முத்தின பழைய விரலி மஞ்சள் ரெண்டு எடுத்துட்டு வந்து நைசா அரைச்சேன். வண்டிக்கு முதல்ல சந்தனக் கலர் பெயிண்டு அடிச்சேன். அது காயறதுக்குள்ள மேல மஞ்சள் தூளை மெல்லிசாத் தூவி, காஞ்சதும் ஊதி விட்டேன். அம்மாடி! பாலைவனத்துல ஓடி வந்த வண்டி மாதிரியே இருக்குது. படத்துக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. நானே கை தட்டிக்கிட்டேன். சாவித்திரியும் தட்டினா. வாசமும் கமகமன்னு இருக்குது.

மே 9, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்தைச் சோப்புத் தண்ணியில லேசா நனைச்சா நல்லா ஒட்டும்னு நிவேதா சொல்லியிருந்தா. அவ வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம். எனக்குத்தான் பொறுக்காதே! துணி துவைக்கற சோப்பைக் கரைச்சு, ஒரு இடத்துக்கு எதுக்கு, முழுசா இருக்கட்டும்னு வண்டி பூராத் தடவினேன். என் கண்ணு முன்னாடியே மஞ்சள் செவந்துக்கிட்டே போச்சு. அரைச்ச குங்குமம் மாதிரி ரத்தச் செவப்பு.

ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும். சோப்பு பட்டாலும் அதேதான். இது தெரியாதவன் ஈரோட்டுல எவன் இருக்கான்? மூட்டை மூட்டையா மஞ்சள் வித்தவன், சொந்தக் கையால சண்டை வண்டிக்கு ஆரத்தி எடுத்திருக்கேன்!

நாளன்னைக்கு அவர் வர்றாரு. செவப்பு வண்டியைப் பாத்தா, இந்த ஆளு வாழ்க்கையில ஒண்ணும் செஞ்சதில்லைன்னு ஒரே நொடியில தெரிஞ்சுரும். பொய்யின்னா ஆகாத மனுசன். என் பொண்ணு வாழ்க்கையை என் வாய் கெடுத்துருச்சே.

மே 10, சனி

நிவேதா காலையில வந்தா. வண்டியைப் பாத்துட்டு என் பக்கத்துல உக்காந்தா. தோள்ல சாஞ்சுக்கிட்டா. "பரவாயில்லப்பா. நான் பேசிக்கறேன்"ன்னா. எனக்கு அதுதான் தாங்கல.

சாவித்திரி சமையக்கட்டுல இருந்து வந்தா. ஒரு கையில எலுமிச்சம்பழம், ஒரு கையில பஞ்சு. "அப்பனும் மகளும் ஒப்பாரி வெச்சது போதும். சேலையில மஞ்சக்கறை செவந்தா என்ன பண்ணுவோம்? நகருங்க"ன்னா. பஞ்சை நனைச்சு வண்டி மூக்குல ஒரு ஒத்து. செவப்பு ஓடி மஞ்சள் வந்துருச்சு! நான் குதிச்ச குதியில மேஜை ஆடுச்சு. ஒத்தி ஒத்தி எடுத்துக்கிட்டே பாதி வண்டி வந்திருப்பா, நிவேதா கத்தினா: "அம்மா, நிறுத்து நிறுத்து! கையை எடு!"

பெட்டியைத் தூக்கிப் பக்கத்துல வெச்சா. படத்துல இருக்கற வண்டி வெறும் மஞ்சள் இல்ல. மஞ்சள் மேல அங்கங்க செம்பழுப்புத் திட்டு. எதிரி கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுக்காக அப்படியாம். முப்பத்திநாலு நாளா இந்தப் படத்தைப் பாக்கறேன், அது நிழல்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் மூணு பேரும் உக்காந்து, எங்க செவப்பு இருக்கணும், எங்க மஞ்சள் இருக்கணும்னு படத்தைப் பாத்துப் பாத்து எலுமிச்சை ஒத்தினோம். பொழுது சாயறதுக்குள்ள ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. இத்தனை சந்தோசமா ஒரு நாள் இந்த வீட்டுல இருந்து எத்தனை வருசமாச்சு!

மே 11, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தாங்க. சதாசிவம் சார் செருப்பைக் கழட்டினாரு, தண்ணி கூட குடிக்கல. நேரா மேஜைக்குப் போயிட்டாரு. கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. சுத்தி வந்தாரு. தரையில முட்டி போட்டு அடியில பாத்தாரு.

"இந்தத் திட்டு... இது எப்படிங்க சார் வந்துச்சு? பெயிண்டு மாதிரித் தெரியலையே"ன்னாரு.

பதில் தயாரா வெச்சிருந்தேன். வெளிநாட்டுப் பெயிண்டுன்னு சொல்லலாம்னு ஒத்திகையே பாத்திருந்தேன். வாயைத் திறந்தேன். நிவேதா என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா. என்னால முடியல.

"சார், அது மஞ்சளும் சோப்பும் எலுமிச்சம்பழமும். சங்கிலி அறுந்துருச்சு, என் சம்சாரம் தச்சா. டிரைவர் சீட்டை மறந்துட்டு மூடிட்டேன், என் பொண்ணுதான் உள்ள வெச்சா. அன்னைக்கு உங்க வீட்டுல நான் சொன்னது சுத்தப் பொய்யிங்க. இந்த மாதிரிப் பெட்டியை என் வாழ்நாள்ல தொட்டதே இல்லை. நீங்க பேசாம இருந்தீங்க, என் வாய் பேசிருச்சு. தப்பு என்னுது. என் பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க."

சாவித்திரி கேசரித் தட்டோட அப்படியே நின்னுட்டா.

அவரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "இதுதான் முதல் வண்டியா?"

"ஆமாங்க சார்."

"என் வீட்டுல நூத்திப்பதினாலு பெட்டி இருக்குது. நான் ஒண்ணு கூட செஞ்சதில்லைங்க."

எனக்குக் காது சரியில்லையோன்னு நினைச்சேன். கௌதம் வாயைப் பொளந்துட்டான். "அப்பா, நீங்க ராத்திரியில ரூம்ல செய்யறீங்கன்னு..."

"திறந்து பாப்பேன், மூடி வெச்சுருவேன். நான் கையை வெச்சு வீணாயிட்டா? சரியா வரலைன்னா? அப்படியே முப்பத்தோரு வருசம் போச்சு"ன்னாரு. வண்டியோட முன் சக்கரத்தை விரல் நுனியால தொட்டுப் பாத்தாரு. "இந்தக் கல்யாணமும் அப்படித்தாங்க. கௌதம் அம்மா இல்ல. நான் ஒருத்தன் முடிவு பண்ணி, ஏதாவது தப்பாப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். உங்க பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லைங்க. நீங்க செய்யறேன்னு சொன்னப்ப, யாராச்சும் ஒருத்தர் முடிச்சு நான் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் குடுத்தேன்."

நான் என்ன சொல்றது? சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில முதல் தடவை.

அவரு கௌதமைக் கார்ல இருக்கற பையை எடுத்துட்டு வரச் சொன்னாரு. உள்ள ஒரு பெட்டி. புதுசு மாதிரி, ஓரம் கூட மழுங்கல. மேஜை மேல வெச்சு மூடியைத் திறந்து, சட்டத்தை எடுத்தாரு. நான் நகவெட்டியை நீட்டினேன். அவரு வாங்கிச் சட்டத்துக்கிட்டக் கொண்டு போயிட்டு, திருப்பி எடுத்துட்டாரு.

"வெட்டுங்க சார். என்ன ஆயிரும்?"

கண்ணை இடுக்கிக்கிட்டு அமுத்தினாரு. டக்குன்னு சத்தம். நல்ல நேரம் பாருங்க, வெட்ட வேண்டிய இடத்துல வெட்டாம உறுப்பே ரெண்டா உடைஞ்சு ஒரு துண்டு, சாவித்திரி மேஜை மேல வெச்ச கேசரியில போய் விழுந்துச்சு.

முப்பத்தோரு வருசம் பயந்த மனுசன், முதல் வெட்டுலயே இப்படியா!

அவரு கேசரியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. தோள் குலுங்குச்சு. அழுகறாரோன்னு பதறிட்டேன். சிரிக்கறாரு! வயித்தைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கறாரு. கௌதம் கண்ணு கலங்கிப் போய் அவங்கப்பாவையே பாத்துக்கிட்டு நிக்கறான். நான் கேசரியில விழுந்த துண்டை எடுத்துத் துடைச்சு, "மன்னிச்சுக்குங்க சார், நான் சரியாப் புடிச்சுக் காட்டியிருக்கணும்"னேன்.

"விடுங்க சம்பந்தி, ஒட்டிக்கலாம்"னாரு.

அப்புறம் நான் கத்தினேன் பாருங்க: "சாவித்திரீ! உப்பும் சர்க்கரையும் எடு! சம்பந்தின்னுட்டாரு!" அந்த வீதியே வெளிய வந்து பாத்துச்சு. சாவித்திரி அழுதுக்கிட்டே தட்டைத் தேடறா. நிவேதா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. நானும் அழுதேன். எழுதி வெச்சுக்கறேன், நல்லாவே அழுதேன்.

பெரியவங்க நாலு பேரை வரச் சொல்லி உப்பு சர்க்கரை மாத்தி நிச்சயத்தை முடிச்சோம். திரும்பிப் பாத்தா சம்பந்தியைக் காணோம். மேஜைக்குப் போய் உக்காந்து, உடைஞ்ச துண்டுக்குப் பசை வெச்சுக்கிட்டு இருக்காரு. இலை போட்டு ரெண்டு தடவை கூப்பிட்ட அப்புறம்தான் சாப்பிட வந்தாரு.